‘நல்லா இருக்கு’ என்று சொல்லாதவள்

பிறந்து நான்கு நாள் ஆன குழந்தையைப் பார்த்து ‘சோம்பேறிக் கழுதை’ என்று யாராவது சொல்வார்களா? அவள் சொன்னாள். அதையும் பெற்றவளிடமே வந்து சொன்னாள்.

“அக்கா, ஒங்க மக சரியான சோம்பேறிக் கழுதை. வாயத் தொறக்கச் சொன்னா கூலி கேக்கா. எந்திரிச்சு வாங்க, பால் குடுக்க நேரமாச்சு.”

நான் உடனே எழுந்து ஓடவில்லை. முதலில் நோட்டை எடுத்து எழுதினேன்: ‘காலை பத்து மணி. சோம்பல்.’

விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தைகள் பிரிவு அது. மூன்று வருடம் ஆகிறது. என் மகள் ஏழு வாரம் முந்திக்கொண்டு பிறந்து, உள்ளே கண்ணாடித் தொட்டிலில் கிடந்தாள். எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. தாய்மார்கள் நாங்கள் வெளியே நீள வராந்தாவில் பாய் விரித்துக் காத்திருப்போம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கதவு திறக்கும். பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பகல் நேரத்தில் அப்படிக் கூப்பிடுவதற்கு ஒரு கல்லூரி மாணவி வந்துகொண்டிருந்தாள். சம்பளம் கிடையாது, சேவைதான். எங்களுக்கு நீல அங்கி எடுத்துக் கொடுப்பது, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுகிறோமா என்று பார்ப்பது, பீய்ச்சிய பாலைக் கிண்ணத்தில் வாங்கி சிஸ்டரிடம் சேர்ப்பது, இவ்வளவுதான் அவளுடைய வேலை. குழந்தைகளைத் தொட அவளுக்கு அனுமதி கிடையாது. பேசக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை.

திருத்தங்கலிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. பெரியவர்களுக்குத் தைத்த அங்கியை மாட்டிக்கொண்டு, கையை நான்கு மடிப்பு மடித்து விட்டிருப்பாள். தலையில் போட்ட தொப்பி எப்போதும் கோணலாகவே இருக்கும். கதவை ஒரு சாண் திறந்து தலையை மட்டும் வெளியே நீட்டுவாள். உடம்பு உள்ளே, தலை வெளியே. அந்தத் தலை தெரிந்ததும் வராந்தாவில் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவோம்.

“தாயில்பட்டி அக்கா! ஒங்க மகன் போட்ட சத்தத்துல பக்கத்துத் தொட்டில் பிள்ளைக்கெல்லாம் தூக்கம் போச்சு. பட்டாசுக் கம்பெனி வீட்டுப் பிள்ளைங்கறத இங்கன வந்துதான் காட்டணுமா?”

தாயில்பட்டி அக்கா என்பவள் எனக்கு அடுத்த பாய்க்காரி. அவளும் அவள் கணவரும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். மகனைப் பற்றி இப்படிக் கேட்டதும் அவளுக்கு முகம் பூத்துவிடும். “அவென் அப்பன மாதிரி. வீட்டுக்கு வரட்டும், வாய்ல துணிய வச்சு அடைக்கேன்” என்று சொல்லிக்கொண்டே, தையல் போட்ட வயிற்றைப் பிடித்தபடி சந்தோஷமாக எழுந்து போவாள்.

அவளுக்கு அடுத்த பாயில் பஜாரில் கடை வைத்திருக்கும் வீட்டு மருமகள், ரெட்டைப் பிள்ளைக்காரி. அவளுக்கு வரும் சேதி: “மதினி, ரெண்டு பேருக்கும் ஆகல. மூத்தவன் எளையவன் மூஞ்சில கைய வச்சிட்டுத்தான் ஒறங்குவேங்கான். இப்பமே பாகம் பிரிச்சிருவோமா, இல்ல கடைய எழுதி வச்ச பெறகு பாத்துக்கிடலாமான்னு ஒங்க மாமனார்ட்டக் கேட்டுச் சொல்லுங்க.”

ஒரு குழந்தையைப் பற்றியாவது அவள் நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஒன்று களவாணி, ஒன்று ரௌடி, ஒன்று ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர், ஒன்று வட்டிக்குக் கொடுக்கிறவன் மாதிரி முறைக்கிறது. என் மகள் சோம்பேறி. அடுத்த வேளை திமிர் பிடித்தவள்: “ஊசி போட வந்த சிஸ்டரவே முறைக்கா.” மறுநாள் காலையில், “கால் மேல கால் போட்டுப் படுத்திருக்கா, கலெக்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட வந்தவ மாதிரி.”

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் எம்.காம். படித்தவள். நான் எழுதினேன்.

‘சோம்பல்’ என்று போனில் தேடினால் பச்சிளங்குழந்தைக்கு வரக்கூடிய பத்து நோய்கள் வந்தன. ‘முறைத்தல்’ என்று தேடினால் அதைவிட மோசம். மாலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

“டாக்டர், பாப்பாவுக்கு ரெண்டு நாளா சோம்பேறித்தனம் இருக்கு. நேத்துலருந்து திமிர். காலைல கால் மேல கால் போடுறதா சொல்றாங்க. இடுப்பு எலும்புல எதுவும் இருக்குமா?”

டாக்டர் நோட்டை வாங்கி மூடினார். “திமிருக்கு எங்ககிட்ட மருந்து இல்லம்மா” என்றார். பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியம். மூன்று நாள் தொடர்ந்து எடை கூடினால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். எடை கூட வேண்டும் என்றால் பால் மட்டும் போதாது. மகளை என் வெறும் மார்போடு சேர்த்துத் துணியால் கட்டி மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். தாயின் சூட்டில்தான் இந்தப் பிள்ளைகள் வளரும்.

அது என்னால் முடியவில்லை. சிஸ்டர் அவளை என் மார்பில் வைத்ததும் எங்கே தொடுவது என்று தெரியாமல் கையைத் தூக்கியே வைத்திருப்பேன். அவள் தோல் நனைந்த டிஷ்யூ தாள் மாதிரி இருக்கும். குனிந்து அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பேன். மூச்சு வருகிறதா? இப்போது வந்தது. அடுத்தது எங்கே? பத்து நிமிடத்துக்குள் “சிஸ்டர், ஒரு நிமிஷம் வாங்க, மூச்சு விடுறாளான்னு பாருங்க” என்று கூப்பிட்டு, திரும்பத் தொட்டிலில் வைக்கச் சொல்லிவிடுவேன். தொட்டிலில் மிஷின் பார்த்துக்கொள்ளும். என்னை நம்புவதை விட மிஷினை நம்புவது மகளுக்கு நல்லது என்று நினைத்தேன். எடை நின்ற இடத்திலேயே நின்றது.

ஆறாம் நாள் காலையில் அந்தத் தலை வெளியே வந்தது. “அக்கா, ஒங்க மக தராச ஏமாத்துறா. நேத்து எம்புட்டோ இன்னைக்கும் அம்புட்டே. குடிச்ச பால எங்கன ஒளிச்சு வைக்கான்னு தெரியல, களவாணி.”

தாயில்பட்டி அக்கா சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினேன். மதிப்பிற்குரிய தலைமைச் செவிலியர் அவர்களுக்கு. தங்கள் பிரிவில் சேவை புரியும் மாணவி, ஒன்று, என் மகளைச் சோம்பேறி என்றார். இரண்டு, திமிர் பிடித்தவள் என்றார். மூன்று, களவாணி என்றார். எனவே தாய்மார்களிடம் குழந்தைகளின் நிலையைக் கண்ணியமாகத் தெரிவிக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெரிய சிஸ்டர் அதைப் படிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். கோபம் என்று நான் நினைத்தேன்.

“நான் சொல்லி வைக்கிறேன்மா. உங்க பேரு வெளிய வராது” என்றார்.

அன்று மதியம் இரண்டு மணிக்குக் கதவு திறந்தது. ஒரு சாண் இல்லை, முழுக்கதவும். அவள் முழு உடம்போடு வெளியே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தொப்பி நேராக இருந்தது.

“தாயில்பட்டி அம்மா, உங்கள் குழந்தை நல்லா இருக்கு.”

தாயில்பட்டி அக்கா ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள். “என்னது?”

“குழந்தை நல்லா இருக்கு. பயப்பட ஒன்றுமில்லை.”

“ஏத்தா, என்ன சொல்லுத நீ?”

அவள் ரெட்டைப் பிள்ளைக்காரி பக்கம் திரும்பினாள். “உங்கள் இரண்டு குழந்தைகளும் நல்லா இருக்காங்க.” பிறகு என்னைப் பார்த்தாள். “உங்கள் குழந்தையும் நல்லா இருக்கு, மேடம்.” உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தாயில்பட்டி அக்கா சோற்றுக் கையோடு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “என் பிள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சு!”

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த வார்த்தை எப்படிக் கேட்கும் என்பதைச் சொல்ல வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் ஏதாவது விபத்து ஆகிவிட்டால் வீட்டுக்கு முதலில் வரும் போன் அப்படித்தான் பேசும். ‘நல்லா இருக்காங்க, பயப்பட ஒண்ணும் இல்ல, நீங்க கெளம்பி வாங்க.’ அந்தப் போனுக்குப் பிறகு யாரும் நல்லா இருந்ததில்லை. அதனால் இங்கே வேலைக்குப் போகிறவரிடம் எப்படி இருக்கீக என்று கேட்டால் ‘ஏதோ கெடக்கேன்’ என்பார். பிள்ளை எப்படி என்று கேட்டால் ‘அது ஒரு சனியன்’ என்பார். ஏசினால் பிழைத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். இதெல்லாம் எனக்கும் தெரியும். நானும் சிவகாசியில் பிறந்து வளர்ந்தவள்தான். எம்.காமில் கொஞ்சம் மறந்துபோயிருந்தது.

ரெட்டைப் பிள்ளைக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்து துஆ ஓத ஆரம்பித்தாள். தாயில்பட்டி அக்கா புருஷனுக்குப் போன் போட்டாள். “நல்லா இருக்குங்காக! ஏங்க, பிள்ள நல்லா இருக்குங்காக!” என்று அழுதாள். அந்தப் பக்கம் அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று அந்த வராந்தாவில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்படிச் சொல்ல வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தவளே நான்தான். அப்படியிருந்தும் எனக்கே சந்தேகம் வந்தது. கடிதத்தினால்தான் சொல்கிறாளா? இல்லை, கடிதம் ஒரு சாக்கா? மற்ற மூன்று குழந்தைகளைப் பற்றிக் கடிதத்தினால் சொல்லியிருக்கலாம்; என் மகளைப் பற்றி மட்டும் நிஜமாகவே சொல்லியிருந்தால்? எழுந்துபோய்க் கதவைத் தட்டினேன். பிறகு குத்தினேன். எல்லாரையும் விட அதிகமாகக் கத்தியது நான்தான் என்று பிறகு சொன்னார்கள்.

அரை மணி நேரத்தில் தாயில்பட்டி அக்காவின் புருஷன் பைக்கில் வந்து இறங்கினார். பின்னால் இன்னும் இரண்டு பேர். வேலையைப் போட்டது போட்டபடி வந்திருக்கிறார். கை இரண்டும் முழங்கை வரை அலுமினியப் பொடி படிந்து வெள்ளியில் வார்த்த மாதிரி மின்னின. கோயில் வாகனம் ஒன்று எழுந்து வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுவது போல இருந்தது.

பெரிய சிஸ்டர் வெளியே வந்தார். “யோவ், அந்தக் கையோட எதையும் தொடாத! எல்லாரும் நிறுத்துங்க. யாருக்கு என்ன ஆச்சு?”

“பிள்ள நல்லா இருக்குன்னு சொன்னீகளாமே!” என்றார் வெள்ளிக்கைக்காரர்.

“ஆமா, நல்லாத்தான் இருக்கு!”

அதைக் கேட்டதும் அழுகை இன்னும் கூடியது. சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கதவில் தொங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். “நீங்க எதுக்கும்மா அழுறீங்க? இப்படிச் சொல்லச் சொல்லி எழுதிக் குடுத்ததே நீங்கதானே?”

என் பெயர் அப்படி வெளியே வந்தது. வராந்தா மொத்தமும் திரும்பிப் பார்த்தது. தாயில்பட்டி அக்கா மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: “நீதானா? ஏம்மா, படிச்ச பிள்ள செய்யுற வேலையா இது?”

சிஸ்டர் உள்ளே பார்த்துக் கத்தினார். “ஏய், இங்க வா. நீ பழையபடியே பேசித் தொலை.”

அவள் கையைப் பின்னால் கட்டியபடியே வந்து, ரொம்பப் பணிவாகக் கேட்டாள். “யார்ட்டருந்து ஆரம்பிக்க, சிஸ்டர்?”

வெள்ளிக்கைக்காரரைத்தான் முதலில் பார்த்தாள். “அண்ணே, ஒங்க மகனுக்கு மரியாதையே தெரியல. பெத்த தகப்பன் வேலைய விட்டுட்டு ஓடி வந்திருக்கீக, எந்திரிச்சு ஒரு வணக்கம் சொல்றானா? வாயப் பொளந்துட்டு ஒறங்குறான். குறட்ட வேற.”

அந்த மனிதர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணீரைத் துடைத்த இடமெல்லாம் முகத்தில் வெள்ளி ஏறியது.

எனக்கு அன்று எதுவும் கிடைக்கவில்லை. அதுதான் அவள் எனக்குக் கொடுத்த தண்டனை. நான்கு மணிக்கு எல்லாருக்கும் ஏச்சு, எனக்கு மட்டும், “உங்கள் குழந்தை நல்லா இருக்கு, மேடம்.” ஆறு மணிக்கும் அதே. மறுநாள் காலையிலும் அதே. ஏன் என்று பார்வையால் கேட்டால், “கண்ணியமாத் தெரிவிக்கணும்லா மேடம், லெட்டர் கடைசி வரியில இருக்கு” என்பாள். நோட்டில் எழுத ஒன்றுமே இல்லை. தேட ஒரு நோய்கூட இல்லை.

இதற்கிடையில் ஒன்றைப் பார்த்தேன். மூலைத் தொட்டிலில் ஒரு பையன் இருந்தான். அவன் அம்மா ஆபரேஷன் முடிந்து வேறு வார்டில் கிடந்தாள். அவனைப் பார்க்க யாரும் வருவதில்லை. நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது, இவள் அந்தத் தொட்டிலுக்கு ஒரு முழம் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்று பேசிக்கொண்டிருந்தாள். “நேத்தும் வாந்தி எடுத்திருக்க. சிஸ்டருக்கு வேற வேலையே இல்லைன்னு நெனச்சியா? ஒங்கம்மா வரட்டும், ஒண்ணு விடாமச் சொல்லித் தாரேன். எல்லாம் கணக்கு வச்சிருக்கேன் பாத்துக்க.” அவனுடைய புகாரை வாங்கிக்கொள்ள வராந்தாவில் ஆள் இல்லை. அதனால் அவனிடமே கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு சிஸ்டர் மகளை என் மார்பில் வைத்துவிட்டுப் போனதும், என் முதுகுப் பக்கம் துணியை முடிச்சுப் போட அவள் வந்தாள். அங்கே வேறு யாரும் இல்லை. நான் கேட்டுவிட்டேன்.

“தப்புதான். மன்னிச்சிரும்மா. என் மகள ஒரே ஒரு தடவ திட்டு.”

“ஐயோ, மேடம். நான் திட்டுனா அது நோட்டுல ஏறும், அங்கயிருந்து டாக்டர்ட்டப் போகும். நீங்களே திட்டுங்க. பெத்தவ திட்டுனா கேஸ் கெடையாது.”

“எனக்கு என்ன சொல்லணும்னு தெரியலயே.”

“எப்பிடித் தெரியும்? நீங்க இன்னும் ஒங்க மக மூஞ்சியவே பாக்கலையே. மூக்கு ஓட்டையத்தான ஆறு நாளாப் பாக்கீக.”

முடிச்சை இறுக்கிவிட்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள், பரீட்சை ஹாலில் வாத்தியார் மாதிரி.

நான் குனிந்து பார்த்தேன். முதலில் மூக்குத்தான் தெரிந்தது. கஷ்டப்பட்டுப் பார்வையை அங்கிருந்து நகர்த்தினேன். வலது காதின் மேல்நுனி மடிந்திருந்தது. நெற்றியில் மூன்று கோடு. என் வீட்டுக்காரருக்கு அச்சகத்தில் லேபிள்களின் கலர் சரிபார்க்கிற வேலை. சிவப்பு கொஞ்சம் மங்கி வந்த தாளைப் பார்த்தால் இதே மூன்று கோடு அவர் நெற்றியில் விழும்.

“இவ… ரொம்பக் கோவக்காரி போல இருக்கு” என்றேன்.

“இதெல்லாம் திட்டா? சத்தமா.”

“அப்பா மாதிரியே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா. இன்னும் ரெண்டு கிலோ கூட ஆகல, அதுக்குள்ள எங்கிட்டக் குத்தம் கண்டுபிடிக்கா.”

“ம். பெறகு?”

அங்கியின் ஓரத்தை ஒரு கை பிடித்திருந்தது. எடுத்துவிடப் பார்த்தேன், வரவில்லை. விரல் நகம் கடுகளவுதான். பிடி உடும்புப்பிடி. “விடமாட்டேங்கா பாரேன். பிடிவாதக்காரி. பால் குடிக்கச் சொன்னா ஒறக்கம், என் துணியப் பிடிச்சு இழுக்க மட்டும் எங்க இருந்து இம்புட்டுத் தெம்பு? பத்து மாசம் இருக்கச் சொன்னா முடியாதுன்னு ஓடி வந்த, இப்ப எதுக்குடி என்னப் பிடிச்சிட்டுத் தொங்குற?” சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. கர்ப்பத்தில் ஏழு மாதம் புளிப்பு தின்ன விடாதது, தீபாவளி சீசன் லோடு ஏறுகிற நாளாகப் பார்த்து வலி கொடுத்தது, அவள் அப்பா ஆர்டரைப் பாதியில் விட்டு ஓடி வந்தது, எல்லாவற்றையும் கேட்டேன். மகள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

“அந்தத் திமிரப் பாத்தியா?” என்றேன் நான்.

“நான் சொன்னப்போ லெட்டர் எழுதுனீக” என்றாள் அவள்.

பெரிய சிஸ்டர் வந்து போதும் என்றார். ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. நான் ஒருமுறைகூட அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை.

மறுநாள் எடை கூடியது, இருபது கிராம். அடுத்த நாளும் கூடியது. மூன்றாம் நாள் முள் அசையவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்றார்கள். முன்பு என்றால் நோட்டும் போனுமாக உட்கார்ந்திருப்பேன். நோட்டைத் தேடினேன், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அதற்குள் கதவில் தலை தெரிந்தது. “அக்கா! ஒங்க மக ஸ்ட்ரைக் பண்ணுதா. வந்து நாலு கேள்வி கேளுங்க.” மேடம் போய் அக்கா திரும்பி வந்திருந்தது. எழுந்து போனேன். அன்று காலையும் மாலையுமாகக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். அதன்பின் மூன்று நாளும் தராசு ஒழுங்காக ஏறியது.

வீட்டுக்குப் போகிற அன்று என் வீட்டுக்காரர் வாடகைக் கார் கொண்டுவந்திருந்தார். அந்தப் பெண் வாசல் வரை வந்தாள். நான் மகளைத் துணியில் பொதிந்து வைத்திருந்தேன். அவளுக்கு நன்றி சொல்ல இரவெல்லாம் ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தேன், வாயில் வரவில்லை. “ஒரு தடவ தூக்கிக்கிறியா?” என்று மட்டும் கேட்டேன். இனி அது எங்கள் குழந்தை. ஆஸ்பத்திரி அனுமதி தேவையில்லை.

வேண்டாம் என்று தலையாட்டினாள். ஆனால் குனிந்தாள். மகளின் மடிந்த காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து ஏதோ சொன்னாள். நீளமாகவே சொன்னாள். இரண்டு இடத்தில் நிறுத்தி யோசித்து, மறுபடி சொன்னாள்.

“என்ன சொன்ன?” என்று கேட்டேன்.

“அது எங்களுக்குள்ள, அக்கா” என்று சொல்லிவிட்டு, அங்கிக் கையை மடித்து விட்டபடியே உள்ளே போய்விட்டாள்.

என்ன சொல்லியிருப்பாள் என்று இன்றுவரை யோசிக்கிறேன். கடைசியாக ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம் என்று என் அம்மா சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னைப் பற்றிய புகாராகத்தான் இருந்திருக்க வேண்டும். சிவகாசி வரும்வரை கார் குலுங்கலிலும் என் மகள் தூங்கவில்லை. நெற்றியில் மூன்று கோட்டையும் போட்டுக்கொண்டு, ஒரு மாதிரியாக என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.